மலைக்கு வரும் கேஸ் வண்டி: பெட்ரோலுக்கு மாற்றும் முன் யோசியுங்கள்

சேர்வராயன் மலையில் காப்பிப் பறிப்பு முடிந்து, மிளகும் காய்ந்து மூட்டையாகும் மாசி, பங்குனி மாதங்களில்தான் சிறு தோட்டக்காரர் கையில் கொஞ்சம் ரொக்கம் சேரும். கடனை அடைத்தது போக மீதியை வைத்துச் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வாங்கலாமே என்ற எண்ணம் எழுவதும் அப்போதுதான். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா, சௌசௌ எதுவானாலும் பெரும்பாலும் மலையிறங்கித்தான் விலையாகிறது. உரமும் அரிசியும் மலையேறித்தான் வந்து சேருகின்றன. வாடகை வண்டிக்குக் கொடுத்துச் சலித்தவர்கள் சொந்த வண்டிக்கு ஆசைப்படுவதில் தவறில்லை.

புதிய வண்டி கட்டுப்படியாகாதவர்கள் சமவெளியில் பழைய வண்டி தேடுகிறார்கள். அங்கே சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயுவில் ஓடும் சிறு சரக்கு வண்டியும் கண்ணில் படுகிறது. "மலையில் கேஸ் போட வழியில்லையே" என்று வாங்குபவர் தயங்கினால், "அதனால் என்ன, பெட்ரோலுக்கு மாற்றிக் கொள்ளுங்கள், இரண்டு நாள் வேலை" என்று தரகர் சமாதானம் சொல்லி விடுகிறார். இந்தச் சமாதானத்தை நம்பி முன்பணம் கொடுப்பது ஒரு பருவத்து மிளகுப் பணத்தையே பணயம் வைப்பதாகும்.

சில கேஸ் வண்டிகளில் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டிய தேவையே இல்லை. வேறு சில வண்டிகளை மாற்றவே கூடாது. கையில் உள்ளது எந்த வகை என்று தெரிந்து கொண்ட பிறகே மற்றப் பேச்சு.

கரி அடுப்பு பஸ் சொல்லும் பாடம்

வாயுவில் ஓடிய வண்டியைப் பெட்ரோலுக்குத் திருப்புவது தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்த 1939-45 காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் வந்து பங்கீடு அமலுக்கு வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் பஸ்களும் லாரிகளும் கரி வாயுவில் ஓடின. வண்டியின் பின்புறம் உயரமான ஓர் இரும்பு அடுப்பு இருக்கும். அதில் மரக்கரியைப் போட்டு நெருப்பு மூட்டி, விசிறியைச் சுற்றினால், கரி அரைகுறையாக எரிந்து வாயு உண்டாகும். அந்த வாயுவைச் சுத்தப்படுத்தி இஞ்சினுக்குள் செலுத்தினார்கள். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் ஏறக்குறையப் பாதிதான் இதில் கிடைத்தது. மேடு கண்டால் வண்டி திணறும்.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி பெட்ரோலில் ஓட்டினார்கள். அதில் பெரிய சிரமம் ஏற்படவில்லை. காரணம் எளியது. அந்த இஞ்சின்கள் பிறப்பிலேயே பெட்ரோல் இஞ்சின்கள். வாயு இடையில் வந்து சேர்ந்தது, இடையிலேயே போயிற்று.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு டெல்லி நகரப் பஸ்கள். காற்று மாசைக் குறைக்க, நகரப் பஸ்கள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்படி வந்த பெரிய பஸ்களின் இஞ்சின்கள் டீசல் இஞ்சின் வழியில் வந்தவை. வாயுவுக்கென்றே திருத்தி அமைக்கப்பட்டவை. அவற்றில் பெட்ரோலை ஊற்றி ஓட்ட முடியாது.

ஆகவே கேஸ் வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, "இந்த இஞ்சின் பிறந்தது எந்த எரிபொருளுக்கு?" என்பதே.

மூன்று வகை வண்டிகள்

இன்று சாலையில் ஓடும் சிறு கேஸ் வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கம்பெனியிலிருந்தே இரு எரிபொருள் வண்டியாக வருவது. இஞ்சின் பெட்ரோல் இஞ்சின்தான். அதோடு கேஸ் உருளையும் அதற்குரிய கருவிகளும் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். மாருதி சூப்பர் கேரி கேஸ் வண்டியும் டாட்டா இன்ட்ரா வி20 வண்டியும் இந்த வகையைச் சேர்ந்தவை. சூப்பர் கேரி கேஸ் வண்டியில் 5 லிட்டர் பிடிக்கும் சிறிய பெட்ரோல் தொட்டி உண்டு. கேஸ் தீர்ந்தால் அடுத்த நிலையம் போய்ச் சேருவதற்காக வைத்த தொட்டி இது.

இரண்டாவது வகை, பெட்ரோல் வண்டியாக வாங்கிப் பிறகு வெளியில் கேஸ் கருவி பொருத்தியது. இதில் பழைய பெரிய பெட்ரோல் தொட்டி அப்படியே இருக்கும்.

மூன்றாவது வகை, கேஸில் மட்டுமே ஓடுவது. பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் பம்ப், பெட்ரோல் இன்ஜெக்டர் எதுவும் இதில் கிடையாது.

வகையைக் கண்டுபிடிக்க மெக்கானிக் கூட வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தைப் பார்த்தால் போதும். 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்றிருந்தால் அது முதல் அல்லது இரண்டாம் வகை. 'சி.என்.ஜி. ஒன்லி' என்றிருந்தால் மூன்றாம் வகை. தரகர் வாய்ச்சொல்லைவிட இந்த ஒரு வரி பெரிது. வண்டியில் உள்ளது ஒன்றும் புத்தகத்தில் உள்ளது வேறொன்றுமாக இருந்தால் அந்த வண்டியைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது.

கேஸ் மட்டும் ஓடும் வண்டியை ஏன் மாற்றக் கூடாது?

இஞ்சினுக்குள் போகும் கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. இயற்கை எரிவாயு அதிக நெருக்கத்தைத் தாங்கும். பெட்ரோல் அந்த அளவுக்குத் தாங்காது. எரிவாயுவுக்கென்றே வடிவமைத்த இஞ்சின்களில் இந்த நெருக்கத்தை உயர்த்தி வைப்பது உண்டு. எரிவாயு சற்று மெதுவாக எரிவதால், தீப்பொறி விழும் நேரமும் முன்னதாக வைக்கப்பட்டிருக்கும். அதே இஞ்சினில் பெட்ரோலைச் செலுத்தினால் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எரியும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். பாரத்தோடு மலை ஏறும்போது இது கடுமையாகும். பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுவதுவரை போகலாம்.

நெருக்க அளவு உயர்த்தப்படாத கேஸ் வண்டியானாலும் வேலை எளிதல்ல. தொட்டி, பம்ப், குழாய், இன்ஜெக்டர், ஒயரிங் அத்தனையும் புதிதாக வேண்டும். இஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டிக்குப் பெட்ரோல் கணக்கே தெரியாது. அதையும் மாற்ற வேண்டும். இதற்குக் குறுக்கு வழியாக ஒரு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலை நிரப்பி, ரப்பர் குழாயைச் செருகி ஓட்டிக் காட்டுபவரும் இருக்கலாம். இன்ஜெக்டர் வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தோடு பாய்கிறது. ஒரு கிளிப் நழுவினால் சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். வண்டியோடு ஓட்டுபவரும் தீயில் சிக்குவார்.

முறையாகச் செய்ய ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகையையும் வண்டி விலையையும் சேர்த்து ஒரு நல்ல பழைய பெட்ரோல் அல்லது டீசல் வண்டியையே பார்க்கலாம். கேஸ் மட்டும் ஓடும் வண்டி மலைக்கு ஒத்துவராது என்றால் அதை விற்றுவிட்டு வேறு வாங்குவதே அறிவுடைமை.

மலையில் இஞ்சின் பலம் குறைவது ஏன்?

அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்தச் சிறு இஞ்சினும் அந்த அளவுக்குப் பலம் இழக்கும். பெட்ரோலானாலும் கேஸானாலும் இது பொது.

கேஸில் ஓடும்போது இன்னொரு இழப்பும் சேருகிறது. வாயு தானே இடத்தை அடைத்துக் கொள்வதால் இஞ்சினுக்குள் போகும் காற்று குறைகிறது. இதனால் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும். கடல் மட்டத்தில் 70 குதிரைச் சக்தி தரும் இஞ்சின் ஏற்காட்டில் பெட்ரோலில் 60, கேஸில் 54 என்ற அளவில் நிற்கும் என்று கொள்ளலாம்.

ஆகவே இரு எரிபொருள் வண்டி வைத்திருப்பவர்கள் பாரத்தோடு ஏறும்போது பெட்ரோலிலும், இறங்கும்போதும் சமவெளியிலும் கேஸிலும் ஓட்டுவது நல்ல பழக்கம். எரிபொருளை மாற்றும் பொத்தானை அடிவாரத்தில், முதல் வளைவுக்கு முன்பே அழுத்திவிட வேண்டும். மாறும் நேரத்தில் இஞ்சின் ஒரு கணம் தயங்கலாம். வளைவின் நடுவில், பின்னால் பஸ் வரும்போது அந்தத் தயக்கம் ஆபத்து.

இறக்கத்தில் எரிபொருள் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு உருட்டுவதையும், இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவதையும் அடியோடு விட வேண்டும். இஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் விசை போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜெக்டர் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது எரிபொருள் தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் உருட்டுவதால் மிச்சம் ஒன்றுமில்லை.

வழித்தடத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு கிலோ இயற்கை எரிவாயுவில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். எனவே ஒரு லிட்டர் பெட்ரோல் விலையை ஒன்றரையால் பெருக்கி, அதை ஒரு கிலோ கேஸ் விலையோடு ஒப்பிட வேண்டும். கிலோவையும் லிட்டரையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறான கணக்கு.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டி மலையும் சமவெளியும் சேர்த்துக் கிலோ கேஸுக்கு 15 கிலோமீட்டரும், லிட்டர் பெட்ரோலுக்கு 10 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். சேலம் போய் வர 60 கிலோமீட்டர். அதற்கு 4 கிலோ கேஸ் அல்லது 6 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 60 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 9 கிலோ அளவுக்குக் கேஸ் பிடிக்கும். அது 135 கிலோமீட்டர் ஓட்டம்.

வாரம் இரண்டு முறை சேலம் போய்வரும் விவசாயிக்கு வாரத்தில் 120 கிலோமீட்டர். சேலத்தில் ஒரு முறை நிரப்பினால் வாரம் முழுவதும் ஓடிவிடும். இவருக்கு மலையில் கேஸ் கிடைக்காதது ஒரு குறையே அல்ல. வண்டியை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொருவர் வாரம் ஒரு முறைதான் சேலம் போகிறார். ஆனால் நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று மலைக்குள்ளேயே ஆறு நாளும் நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வாரத்தில் 180 கிலோமீட்டர். கேஸ் 135 கிலோமீட்டரோடு தீர்ந்துவிடும். மீதி 45 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர் பெட்ரோல். 5 லிட்டர் தொட்டி அதற்கு ஈடுகொடுக்கும். இவருக்கும் இரு எரிபொருள் வண்டி போதுமானதே. கேஸில் மட்டும் ஓடும் வண்டியோ இவரை வாரக் கடைசியில் நடுவழியில் நிறுத்திவிடும்.

ஒவ்வொருவரும் தம் ஓட்டத்தை ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பார்த்தால் எந்த வண்டி தேவை என்பது தானே விளங்கும்.

பெட்ரோல் பக்கத்தைப் பராமரித்தல்

இரு எரிபொருள் வண்டி வைத்திருக்கும் பலர், "என் வண்டி பெட்ரோலில் ஓடுவதில்லை, பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும்" என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள். அங்கே மாற்ற ஒன்றுமில்லை. கெட்டுப்போன பெட்ரோல் பக்கத்தைச் சீர் செய்தால் போதும்.

கேஸ் மலிவு என்று எப்போதும் கேஸிலேயே ஓட்டிப் பெட்ரோல் தொட்டியைக் காய விடுவதே இக்கேட்டுக்கு முதற் காரணம். தொட்டிக்குள் இருக்கும் பம்ப்புக்குப் பெட்ரோலே குளிர்ச்சியும் வழவழப்பும் தருகிறது. வறண்டு ஓடினால் பம்ப் எரிந்துவிடும். நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசின் போல் படிந்து இன்ஜெக்டரை அடைக்கும்.

இன்று எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து வரும் எத்தனால் உழவர்களுக்கு நன்மை தருவதே. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஏற்காட்டு மழைக்காலத்து மூடுபனியில், பாதி காலியான தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்தால், நீர் பிரிந்து அடியில் தங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர்களையும் இது விரைவில் கெடுக்கலாம்.

இதைத் தவிர்க்கும் முறை எளியது. தொட்டியில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் பழைய பெட்ரோலை ஓட்டித் தீர்த்துப் புதியதை நிரப்ப வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் ஏர் பில்டரையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது, குளிர்ந்த இஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி, பெட்ரோலிலேயே பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிவாரத்திலிருந்து மூன்று வளைவாவது ஏற்றிப் பார்ப்பது நல்லது. டேஷ்போர்டில் இஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் விலையைக் குறைத்துப் பேசவும், இல்லையேல் விட்டுவிடவும் தயங்கக் கூடாது.

உருளையில் கை வைக்க வேண்டாம்

"பெட்ரோலில்தானே ஓட்டப் போகிறேன், உருளையைக் கழற்றினால் இன்னும் ஒரு மூட்டை ஏற்றலாமே" என்று சிலர் நினைக்கிறார்கள். 60 லிட்டர் இரும்பு உருளை ஒரு மூட்டை எடைக்கு இருப்பது உண்மையே. ஆனால் நிரம்பிய உருளையில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தம் இருக்கிறது. லாரி டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் இது இருபத்தைந்து மடங்குக்கும் மேல். ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. சமையல் கேஸ் ஆட்டோக்களில் பழகிய மெக்கானிக் இதையும் அறிந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. சமையல் கேஸின் அழுத்தம் இதில் சிறு பங்குதான்.

உருளையை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் நீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. சோதனைத் தேதி தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய வண்டி வாங்கும்போது தகட்டையும் சான்றிதழையும் ஒத்துப் பார்க்க வேண்டும். சோதனைக் காலம் கடந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கலாம்.

கழற்றிய உருளையைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போடுவதும், வெட்டி வேறு வேலைக்குப் பயன்படுத்துவதும் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் வாயு ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும்.

இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போகும். எனவே வண்டி நிற்கும் கொட்டகையின் மேற்பகுதியில் காற்றுப் போக்கு இருக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் உருளையின் கைவால்வை மூடிவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தி அமைக்கக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவதானால் அங்கீகாரம் பெற்ற கருவியைக் கொண்டு, விதிக்கு உட்பட்டே செய்ய வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புத்தகத்தைத் திருத்திக் கொள்ளவும் வேண்டும். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியைத் திருத்தி அமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சந்தையில் அனுமதியோடு கிடைக்கும் மாற்றுக் கருவிகள் பெட்ரோல் வண்டியைக் கேஸுக்கு மாற்றுவதற்கானவை. இரண்டாம் வகை வண்டியில் கேஸ் கருவி வேண்டாம் என்றால், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் கழற்றச் சொல்லி, புத்தகத்தில் 'பெட்ரோல்' என்று திருத்திக் கொள்ளலாம். இது ஒன்றுதான் மாற்றம் என்று சொல்லத்தக்க நேர்வழி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேர்ந்த நாளில், புத்தகத்தில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக இருப்பதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. கூலிக்கு வந்தவர் வண்டியில் இருந்து அடிபட்டிருந்தால் தோட்டத்தையே விற்றுக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம்.

சொந்த வண்டி எல்லோருக்கும் தேவையா?

இந்த வண்டி மோகத்தில் ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் அராபிகா காப்பியின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 200 கிலோவுக்கும் குறைவு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் ஆண்டுக் காப்பி முழுவதையும் ஒரு சிறு சரக்கு வண்டி ஒரே நடையில் இறக்கிவிடும். மிளகைச் சேர்த்தாலும் இரண்டாவது நடை நிரம்புவது அரிது. காய்கறியும் பழமும் வாரந்தோறும் அனுப்புபவருக்குத்தான் நடைகள் கூடும். மற்றவர்களுக்குச் சொந்த வண்டி பெரும்பாலான நாள் கொட்டகையில் நின்று, வரியும் இன்சூரன்சும் வட்டியும் தின்னும்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல இரு எரிபொருள் வண்டியை வாங்கி, நாள் முறை வகுத்துக் கொண்டால் வண்டி சும்மா நிற்காது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதை எடுத்துச் செய்யலாம். உரம் ஏற்றி வரும் நடையும் காப்பி இறக்கும் நடையும் சேர்ந்தால் இரு வழியும் பாரம் கிடைக்கும். ஒருவர் தனியாகப் பழைய வண்டி வாங்கி அதை மாற்றப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அரசுக்கும் கம்பெனிகளுக்கும் இதில் கடமை உண்டு. எண்ணூரில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்ட பிறகு தமிழகச் சமவெளி நகரங்களில் கேஸ் நிலையங்கள் பெருகி வருகின்றன. மலைக்குச் செல்லும் பாதைகளின் அடிவாரத்திலாவது ஒரு நிலையம் அமைவது அவசியம். 5 லிட்டர் பெட்ரோல் தொட்டி சமவெளி நகரத்துக்குப் போதும். மலைப் பகுதியில் விற்கும் வண்டிகளுக்கு 10 அல்லது 15 லிட்டர் தொட்டியைக் கம்பெனியே கொடுத்தால், வெளியில் போய்த் தொட்டி மாற்றும் ஆசையே எழாது. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் வரியையும் உருளைச் சோதனைத் தேதியையும் பார்த்த பிறகே கடன் வழங்க வேண்டும். ஏற்காட்டில் ஆண்டுக்கு ஒரு முறை போக்குவரத்துத் துறையினர் முகாம் நடத்தி கேஸ் வண்டிகளைப் பரிசோதித்துக் கொடுத்தால் மலை மக்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அதுவரை உழவர்கள் மனத்தில் வைக்க வேண்டியவை இவை. புத்தகத்தில் 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்றிருந்தால் பெட்ரோல் பக்கத்தைச் சீர் செய்து ஓட்டுங்கள். 'சி.என்.ஜி. ஒன்லி' என்றிருந்தால், உங்கள் ஓட்டம் சேலத்தோடு வாரம் இரு முறை ஒட்டி வந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையேல் வேண்டாம். எந்த வண்டியானாலும் உருளையிலும் எரிபொருள் குழாயிலும் அங்கீகாரம் இல்லாதவரைக் கை வைக்க விடாதீர்கள். இந்த ஆண்டு மிளகு விற்ற பணம் கைக்கு வந்ததும், தரகரைப் பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.